பழகோட்டமா, வெள்ளோட்டமா? இழுவைக்கு வாங்கும் புது டீசல் வேனும் ஒரு கலைச்சொல்லும்

நண்பர்களுக்கு வணக்கம். ‘ரன்னிங் இன்’, அதாவது புது வண்டியைத் தொடக்கத்தில் நிதானமாக ஓட்டிப் பழக்குவது, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் மடற்குழுவில் தொடங்கிய இழை நீண்டுகொண்டே போகிறது, எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாகப் பதில் எழுதிவிடுகிறேன். என் முன்மொழிவு பழகோட்டம், காரணங்கள் கீழே.

> ‘ரன்னிங் இன்’ என்பதற்கு வெள்ளோட்டம் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை எதற்குத் தேடுகிறோம்?

இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் கட்டும் ஆசை எனக்கும் இல்லை ஐயா. ஆனால் வெள்ளோட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விடுகிறோம், மெட்ரோ ரயிலுக்கும் விடுகிறோம். ஓடுகிறதா, எங்கேயாவது இடிக்கிறதா, திருப்பத்தில் சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்றால் முழுப் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம். புது வேனுக்கு அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் பெயர் தேடுவது, சாவி நம் கைக்கு வந்தபிறகு முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இன்ஜினுக்குள் நடக்கும் சமாச்சாரத்துக்கு. அதை வெள்ளோட்டம் என்று எழுதினால் வாங்கியவர் என்ன நினைப்பார்? ஒரு சுற்றுப் போய்வந்து பார்த்தாயிற்று, வண்டி நன்றாக இருக்கிறது, கேரவனை (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு) மாட்டு என்றுதான் நினைப்பார். அதைச் செய்யக்கூடாது என்று சொல்லத்தானே இந்தச் சொல்லே தேவைப்படுகிறது.

பிரிட்டனில் புது வேன் வாங்கி கேரவன் இழுக்கப் போகிறேன், வாங்குவதையும் பழக்குவதையும் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறேன் என்று இந்த இழையைத் தொடங்கிய தம்பிக்கு இது வெறும் அகராதி வேலை கிடையாது. நானும் இங்கேயே அதே காரணத்துக்காக ஒரு இரண்டு லிட்டர் டீசல் வேன் வாங்கியவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

விற்பனையாளர் என்னிடம் சொன்னது: “இந்தக் காலத்து இன்ஜினுக்கு அதெல்லாம் வேண்டாம், நாளைக்கே மாட்டிக்கொண்டு போங்கள்.” அவர் சொன்னதில் பாதி சரி. சிலிண்டர்ச் சுவரைக் கடைவது முன்பைவிட நுட்பமாகிவிட்டது, எண்ணெயும் தரமானது, பழைய நாளில்போல ஊர்ந்து ஊர்ந்து ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்த கையேடு வேறு மாதிரிச் சொன்னது. பல தயாரிப்பாளர்களின் கையேடுகளில் முதல் 800 கிலோமீட்டர் அல்லது 1,600 கிலோமீட்டர், அதாவது 500 அல்லது 1,000 மைல், எதையும் இழுக்காதே என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. எது நம் வண்டிக்கு என்பதை அதனதன் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், விற்பவர் வாயில் இல்லை.

> தேய்வோட்டம் என்று வைக்கலாமே? உள்ளே நடப்பது தேய்மானம்தானே?

கோவை அண்ணன் சொன்னது விஷயத்துக்கு மிக நெருக்கமானது, பம்ப்செட் இன்ஜினோடு வாழ்ந்தவர் ஆயிற்றே. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காது. வேண்டுமென்றே மெல்லிய கீறல்களைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்துவைத்திருப்பார்கள், எண்ணெய் அதில் தங்கும். பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) அந்தக் கீறல்களின் மேடுகளைச் சீவிக்கொண்டு சுவரோடு படிய வேண்டும். படிந்தால்தான் வாயு கீழே கசியாது, எண்ணெய் மேலே ஏறாது. இதில் சுவாரசியம் என்னவென்றால் ரிங்கைச் சுவரில் அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை, எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. இன்ஜின் ஓரளவு பாரம் இழுத்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும்.

அதனால் புது டீசல் இன்ஜினைப் பூப்போல வைத்துக்கொள்வதும் தப்பு. நம் ஆட்கள் பலர் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் சும்மா ஓடவிடுவார்கள், சூடு ஏறட்டும் என்று. புது டீசலுக்கு இது நல்லதே இல்லை. அழுத்தம் இல்லாமல் ரிங் சுவரைச் சும்மா தடவிக்கொண்டே இருந்தால் கீறல்களின் மேல் பளபளவென்று ஒரு படலம் ஏறிவிடும், அப்புறம் ரிங் படியவே படியாது, வண்டி எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு வெளிப்போக்கில் இருக்கும் புகைக்கரி வடிகட்டியிலும் கரி சேரும். ஸ்டார்ட் செய்து உடனே கிளம்பிவிட்டு முதல் சில மைல் நிதானமாக ஓட்டுவதுதான் முறை.

தேய்வோட்டம் என்ற சொல்லில் எனக்கு இருக்கும் தயக்கம் காதில் விழும் தொனி மட்டும்தான். இருபத்தைந்து லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி ‘தேய்வோட்டத்தில் இருக்கிறது’ என்றால் மாமனார் பயந்துவிடுவார். தவிரவும் அது பொருளின் மேற்பரப்பை மட்டும் சொல்கிறது, ஓட்டுகிறவன் செய்யவேண்டியதைச் சொல்லவில்லை. ‘பதப்படுத்தல்’ என்று இன்னொருவர் எழுதியதும் இதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. அந்தச் சொல்லைத் தோலும் மீனும் பழமும் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘உள்ளோட்டம்’ பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, எழுதியவரே சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்.

> பழக்குதல் என்கிறீர்கள். இன்ஜின் என்ன மாடா, பழக்குவதற்கு?

மாடேதான்! நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். இளங்காளையை வண்டிக்குப் பழக்கும்போது முதல் நாளே மூட்டை ஏற்றமாட்டார்கள், கட்டிப்போட்டுத் தீனியும் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள். வெறும் வண்டியில் பூட்டி ஓட்டுவது, அப்புறம் கொஞ்சம் பாரம், அப்புறம் மேட்டுப் பாதை. இழுவைக்கு வாங்கிய வேனுக்கும் இதே வரிசைதான். தொடக்கத்தில் கேரவன் இல்லாமல், ஒரே வேகத்தில் போகாமல், கியரை மாற்றி மாற்றி, மேடு வந்தால் நடுத்தர மிதியில் ஏறி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தாமல், இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது உயர்ந்த கியரில் திணறவிடாமல். மோட்டர்வே என்னும் விரைவுச்சாலையில், வேகத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் இன்ஜினை ஒரே சுழல்வேகத்தில் ஓட்டுவதுகூட இந்தக் கட்டத்தில் வேண்டாத வேலை. கையேடு சொன்ன தூரம் முடிந்தபிறகு காலி கேரவனை மாட்டி வீட்டைச் சுற்றியுள்ள சமதரைச் சாலைகளில் போய்வந்தேன். அதற்கப்புறம் சாமான் ஏற்றி. கடைசியாகத்தான் எம்62 மோட்டர்வே வழியாகப் பென்னைன் மலைத்தொடரைக் கடந்தது. பிரிட்டனின் மோட்டர்வேக்களில் உயரமான இடம் அங்கேதான் இருக்கிறது, 372 மீட்டர். நம் ஊர் மலைப்பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு உயரமா என்று தோன்றும், ஒன்றரை டன் பின்னால் தொங்கும்போது தோன்றாது. வடக்கு யார்க்ஷயரில் சட்டன் பேங்க் என்று ஒரு ஏற்றம், நாலுக்கு ஒன்று சரிவு, அங்கே கேரவன்களுக்கு அனுமதியே இல்லை.

இன்னொன்று. பழகவேண்டியது இன்ஜின் மட்டும் இல்லை. புது பிரேக் பேடு டிஸ்கோடு படியவேண்டும், அதுவரை பிடிப்பு முழுசாக இருக்காது. முதல் சில நாள் நடுத்தர வேகத்திலிருந்து மிதமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி குறைத்துப் பழக்கினால் மிதியின் அழுத்தமே மாறுவது காலுக்குத் தெரியும், லேசாக ஒரு காந்தல் வாசனை வந்து பிறகு போய்விடும். புது டயரின் மேல் வார்ப்பிலிருந்து வந்த வழுக்கல் பூச்சு முதல் நூறு மைல் வரை இருக்கும், மழை ஈரத்தில் கவனம். பின்சக்கரத்தால் ஓடும் வேனாக இருந்தால் பின் அச்சின் பற்சக்கரங்களும் பாரத்தில் சூடேறும், அவையும் ஒன்றோடொன்று படிந்திருக்கவேண்டும். இன்ஜினுக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இருந்தால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ‘பிரேக்குக்கும் பழகோட்டம் உண்டு’ என்றால் யாருக்கும் புரிந்துவிடும்.

> பழக்கோட்டம் என்று எழுதினால் வள்ளுவர் கோட்டம் மாதிரி ‘பழக் கோட்டம்’ என்று படிப்பார்களே!

இந்தக் குறும்புக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் உண்மையில் அப்படித்தான் படிப்பார்கள். பழக்கு + ஓட்டம் இலக்கணப்படி சரி, கண்ணுக்குச் சரியில்லை. அதனால் பழகு + ஓட்டம் = பழகோட்டம் என்று வைத்துக்கொள்வோம் என்கிறேன். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் ஆகும். பழக்குவது ஓட்டுநர் செயல், பழகுவது வண்டியின் செயல் என்ற வேறுபாட்டைக் கிளப்பியவருக்கு: வண்டி, பிரேக், டயர், புது வேனின் நீளத்துக்கும் இழுவையின் இழுப்புக்கும் ஓட்டுநர், எல்லாமே பழகுகிற காலம் அது, தன்வினையே பொருத்தம். ஜெனரேட்டருக்குப் பொருந்தாது, அது சாலையில் ஓடாதே என்ற ஆட்சேபமும் நிற்காது. நம் பேச்சில் ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம்கூட நூறு நாள் ஓடுகிறது.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க அதை வாக்கியத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது என் வழக்கம். பிரிட்டனில் ஒரு காலத்தில் புது வண்டிக்காரர்கள் பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று ஒரு அட்டையை ஒட்டிக்கொண்டு போவார்கள், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்காமல் முந்திக்கொண்டு போகட்டும் என்று. ‘பழகோட்டத்தில் உள்ளது, முந்திச் செல்க.’ எனக்கு நன்றாகவே உட்காருகிறது. ‘வெள்ளோட்டத்தில் உள்ளது’ என்று ஒட்டினால் பின்னால் வருகிறவன் இடைவெளி விட்டே வருவான்!

தம்பியின் கையேட்டில் வாங்கும் பகுதிக்கும் சில சொற்கள் கேட்டிருந்தார். இதில் ரொம்ப யோசிக்கவேண்டாம், மாட்டுவண்டிக்காரர்கள் பாதியைச் செய்துவைத்திருக்கிறார்கள். கேரவனின் முன்முனை வேனின் கொக்கிக் குண்டின் (கேரவனை மாட்டும் உருண்டை) மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையை இங்கே மூக்கு எடை என்கிறார்கள். நமக்கு முன்பாரம் என்ற சொல் இருக்கிறது. வண்டி பின்பாரம் ஆனால் நுகம் தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும், கேரவன் பின்பாரம் ஆனால் வேகத்தில் பாம்புபோல நெளிய ஆரம்பிக்கும். பொதுவாகக் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரம் என்பது இங்குள்ள கணக்கு, 1,500 கிலோவுக்கு 75 முதல் 105 கிலோ. வேனின் கொக்கிக்குக் குறித்த உச்ச அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுதான் செல்லும்.

வேனும் கேரவனும் சேர்ந்த உச்ச எடைக்குத் தொடரெடை என்று சொல்லலாம். வாங்குவதற்கு முன் கட்டாயம் பார்க்கவேண்டிய எண் இதுதான், வேனிலேயே ஒரு தகட்டில் இருக்கும். தகட்டில் வேனின் மொத்த எடை 3,000, தொடரெடை 5,200 என்று இருந்தால், விளம்பரத்தில் 2,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தாலும் வேன் முழுப் பாரத்தில் இருக்கும்போது 2,200தான் இழுக்கலாம். கொக்கியைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கேட்டு வாங்குவது நல்லது. கேரவனுக்குப் போகும் பதிமூன்று முள் மின் இணைப்பை வண்டியின் கணினி அடையாளம் கண்டால்தான் நெளிவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேலை செய்யும் வண்டிகள் பல. உரிமம் பற்றி இழையில் குழப்பம் இருந்தது: 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமம் உள்ளவர்களும் 3,500 கிலோ வரை இழுக்கலாம், தனித் தேர்வு கிடையாது. இழுக்கும்போது மோட்டர்வேயில் மணிக்கு 60 மைல், மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் இருந்தால் வலது ஓரத் தடம் நமக்கில்லை.

ஆக, என் முன்மொழிவு பழகோட்டம். மேற்பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்தால் படிதல் போதும், மெக்கானிக்குகள் ‘செட் ஆகணும்’ என்பது அதைத்தான். கோவை அண்ணன் இன்னும் தேய்வோட்டத்திலேயே நின்றால் காரணத்தோடு எழுதட்டும், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் தம்பி அச்சுக்குக் கொடுக்கமுடியும். புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்வதற்கு ‘மீளுருவாக்கம்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அங்கே எதுவும் மீண்டும் உருவாவதில்லை, கரி எரிகிறது, அவ்வளவுதான். ‘கரியெரிப்பு’ என்றே வைக்கலாமா? இதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இதிலேயே கலந்தால் பழகோட்டம் காணாமல் போய்விடும்.