நம்ம வேட்பாளரே எதிராளிக்கு வேலை பார்த்தாரா? பூத்தில் உட்கார்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய தமிழ் ஏரியாக்காரன்:
பெங்களூரில் பாலிகே (மாநகராட்சி) தேர்தல் 2015 ஆகஸ்ட் 22 அன்று நடந்தது, 198 வார்டு. வார்டு பெயரும் கட்சிப் பெயரும் வேண்டாம், இன்னும் எல்லாரும் அதே தெருக்களில்தான் இருக்கிறோம். அன்று நான் எங்கள் வேட்பாளருக்கு பூத் ஏஜென்ட். மாதிரி ஓட்டு போட்டுக் காட்டுவார்கள், அப்போது கூட இருக்கணும் என்று ஆறு மணிக்கே பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி.

பத்தரை வரைக்கும் டிபன் வரவில்லை. அது போகட்டும், பசி தாங்கிக்கொள்ளலாம். எட்டிப் பார்த்தால் தெருமுனையில் ஸ்லிப் எழுதிக் கொடுக்கப் போட்டிருந்த எங்கள் மேஜையில் ஆளே இல்லை, இரண்டு நாற்காலியும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. எதிர்க் கட்சி மேஜையில் பத்துப் பேர், மோர், தண்ணீர் பாட்டில், வயசானவர்களை அழைத்து வர ஆட்டோ. ஒரு மணிக்குப் பக்கத்து அறையில் இருந்த எங்கள் ஏஜென்ட் பையன் "சாப்பிட்டுட்டு வர்றேன்"னு போனவன் திரும்பவே இல்லை. அவனையும் குற்றம் சொல்ல முடியாது, தினக்கூலிக்குப் போகிறவன், அன்றைக்கு வேலையை விட்டு வந்தவனுக்குச் சோறு கூட இல்லை.

அந்த பூத்தில் எப்போதும் எங்களுக்குத்தான் விழும். எண்ணியபோது பாதிக்கும் கீழே. அன்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது, "அண்ணன் விலை போயிட்டார், ஹொந்தாணிகே பண்ணிக்கிட்டார்" என்று. (இந்த ஊரில் இருப்பவர்களுக்கு அந்தக் கன்னட வார்த்தையை விளக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் உள்ளுக்குள் கைகோத்துக்கொள்வது.) நானும் சொன்னேன். கேட்டவர்களிடம் எல்லாம், கேட்காதவர்களிடமும் சொன்னேன். காலி மேஜையை என் கண்ணால் பார்த்தவன் என்பதால் என் பேச்சுக்கு எடை இருந்தது.

மூன்று வருஷம் கழித்து எங்கள் வார்டுப் பொறுப்பாளர் எதிர்க் கட்சியில் சேர்ந்தார். அவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தான். ஒவ்வொரு பூத்துக்கும் தனித்தனிக் கவராகப் பணம் முந்தின நாளே வந்துவிட்டதாம். மஞ்சள் கவர், மேலே சிவப்புப் பேனாவில் பூத் எண். அந்த வெறுங்கவர்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான், காட்டினான். என் பூத் எண்ணும் அதில் இருந்தது. வேட்பாளர் கொடுத்திருக்கிறார், நடுவில் நின்றவர்தான் அதை எங்களுக்கு வரவிடாமல் செய்திருக்கிறார். நான் திட்டித் தீர்த்ததோ வேட்பாளரை.

அல்சூர் அக்கா:
தம்பி, என் அம்மா கதை கேளுங்கள். 2018 சட்டமன்றத் தேர்தல். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருத்தர் வந்து "நம்ம தமிழ் ஆள் ஒருத்தர் சுயேச்சையா நிக்கறார், முன்மொழிய பத்துப் பேர் கையெழுத்து வேணும்மா" என்றார். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குத்தான் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்கணும். அம்மா நம்பிப் போட்டுவிட்டார். கமிட்டிக்காரர் கேட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

அந்த ஆள் எங்கள் தெருப் பக்கம் ஒரு நாள் கூட ஓட்டுக் கேட்டு வரவில்லை. ஆனால் அவர் பெயரில் பர்மிட் எடுத்த வண்டி மட்டும் ஓடியது, கண்ணாடியில் ஒட்டிய தாளில் அவர் பெயர், உள்ளே உட்கார்ந்திருந்தது வேறொரு பெரிய கட்சிக்காரர்கள். ஓட்டு நாளன்று அவருடைய ஏஜென்ட் என்று அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அதே கட்சி ஆள்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். ஆக அந்தக் கட்சிக்கு ஒரே அறையில் இரண்டு ஏஜென்ட். நம் சனங்களின் ஓட்டில் கொஞ்சம் பிரிந்தது, அவருக்கு டெபாசிட் போனது. 10,000 ரூபாய், யார் கட்டியதோ.

அம்மா அதற்கப்புறம் அந்தக் கோயிலுக்குப் போனாலும் கமிட்டி அறைப் பக்கம் போக மாட்டார். "என் கையெழுத்தை வெச்சு நம்ம ஆளுங்க ஓட்டையே உடைச்சிட்டாங்களே" என்று இன்றைக்கும் சொல்வார். யார் கேட்டாலும் மனுவை முழுசாகப் படிக்காமல் போடாதீர்கள், வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஒயிட்ஃபீல்டு:
2024 மக்களவைத் தேர்தலில் சூரத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்களே "இது எங்கள் கையெழுத்து இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள், மனு தள்ளுபடி, மற்றவர்களும் வாபஸ் வாங்க, ஏப்ரல் 22 அன்று பாஜக வேட்பாளர் போட்டியின்றி ஜெயித்தார். ஒரு வாரம் கழித்து இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் வாங்கும் கடைசி நாளில் வாபஸ் வாங்கி அன்றே பாஜகவில் சேர்ந்தார். அங்கே நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கு மேல் விழுந்தது. இதெல்லாம் ஊரறியக் கண்ணெதிரே நடந்தவை. நம் ஏரியாவில் நடப்பது இருட்டில், அதனால்தான் யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை.

ஆஸ்டின் டவுன் பையன்:
நான் சொல்லப்போவது கொஞ்சம் வேற மாதிரி. அதே 2015 தேர்தல், வேறு வார்டு. ஆகஸ்ட் 22 என்றால் ஆடி முடிந்து ஐந்து நாள்தான். எங்கள் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கு இரண்டு வேட்பாளர்களும் வந்தார்கள், வராமல் இருக்க முடியுமா, இருவரும் அதே தெருவில் பிறந்தவர்கள். எங்கள் ஆள் சொம்பில் கூழ் மொண்டு எதிர் வேட்பாளருக்கு ஊற்றினார், பக்கத்தில் நின்று வெங்காயம் கொடுத்தவன் நான். யாரோ போட்டோ எடுத்தார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அந்தப் போட்டோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும், "பேரம் முடிந்தது" என்று எழுதி. போட்டோவில் ஓரமாக வெங்காயத் தட்டோடு என் கை கூட தெரிகிறது. இது கூழ் ஊற்றியபோது எடுத்ததுடா என்று நான் கத்திப் பார்த்தேன், விடியும் வரை ஒவ்வொருத்தனுக்கும் தனியாக அனுப்பினேன். எங்கள் பையன்களே பாதிப் பேர் காலையில் வேலைக்கு வரவில்லை. விலை போனவருக்கு எதற்கு உழைப்பது என்று.

ஆக, காட்டிக்கொடுக்காமலேயே ஒருவரைக் காட்டிக்கொடுத்தவராக்கி, அதை வைத்தே தோற்கடிக்கவும் முடிகிறது. கொஞ்சம் ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள், 2023 சட்டமன்றத் தேர்தலில் நம்ம பெங்களூர் ஜெயநகரில் வித்தியாசம் 16 ஓட்டு, காந்திநகரில் 105.

அல்சூர் அக்கா:
ஆனால் எல்லாமே புரளி என்றும் சொல்லிவிட முடியாது தம்பி. 2023 தேர்தல் முடிந்ததும் பாஜகவின் பிரதாப் சிம்ஹா, சி.டி. ரவி எல்லாம் தங்கள் கட்சிக்குள்ளேயே இந்த ஹொந்தாணிகே நடக்கிறது என்று வெளிப்படையாகவே பேசினார்களே. அம்மா விஷயத்துக்கு அப்புறம் நான் சட்டமன்றத் தேர்தலில் ஏஜென்டாகப் போனேன். ஓட்டுப் போட வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று சந்தேகம் வந்தால் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்ற 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பக்கத்து அறையில் எங்கள் கட்சி ஏஜென்ட் அதை வாங்காமலே கிளம்பிவிட்டார். ஏன் என்று கேட்டால் "எதுக்குக்கா அதெல்லாம்" என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும். வேட்பாளர் யாரோடு சிரித்துப் பேசினார் என்பதைப் பார்த்து எனக்கு வராது. படிவத்தை வாங்காதவர் யார், அவரை உட்கார வைத்தவர் யார், அதைப் பாருங்கள்.

பழைய ஏரியாக்காரத் தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்தக் கவரைப் பார்த்த பிறகு வேட்பாளரிடம் நேரில் போய்ச் சொன்னீர்களா?

பழைய தமிழ் ஏரியாக்காரன்:
சொல்லவில்லை அக்கா. தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். நீங்கள் கேட்டது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது, நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அவர் இப்போது அரசியலில் இல்லை, வீட்டுக்குக் கீழேயே சின்னதாக ஹார்டுவேர் கடை. பைப் அளந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் "வாப்பா" என்றார், அவ்வளவுதான். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடையில் நான் பேசியது உட்பட. "தெரியும்பா, எனக்கு அப்பவே வந்து சொன்னாங்க" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் பேச வரவில்லை.

அவர் மனைவி காப்பி கொண்டு வந்தார். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். "நீ எந்த பூத் தம்பி?" என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "அந்தக் கவர்ல எல்லாம் நம்பர் எழுதினது நான்தான். உன் பூத்துக்கு ஆளுங்க அதிகம்னு சொன்னாங்க, அதனால சாப்பாட்டுக் காசு கூட வெச்சேன். ரெண்டு தடவை எண்ணினேன்" என்றார்.