கறுப்பு எழுத்து நான்கு பிளேட்டிலும் விழுகிறது: கட்டற்ற மென்பொருளில் வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். ஒரு கவிதைத் தொகுப்பின் உள்பக்கங்களை லிபர்ஆபிஸ் ரைட்டரிலும் அட்டையை இங்க்ஸ்கேப்பிலும் அமைத்தேன். கோப்புகள் ஆர்ஜிபியில் (திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல ஒளி நிறமுறை) இருப்பதாக அச்சகத்தார் சொன்னதால், பிடிஎஃப் கோப்புகளை மாற்றும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் கொண்டு இரண்டையும் சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் அச்சு மைகள்) மாற்றி அனுப்பினேன். இப்போது கறுப்பு எழுத்தே நான்கு நிறங்களின் கலவையாக, ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகட்டிலும் (பிளேட்) விழுகிறது என்கிறார்கள். விலை கொடுத்து மென்பொருள் வாங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1:
இயலும். ஆர்ஜிபியில் கறுப்பு என்பது மூன்று ஒளிகளும் இல்லாத நிலை மட்டுமே என்பதால், நிறங்களை அச்சுக்கேற்ப மாற்றும் ஐசிசி விவரக்கோப்பின் வழியே மாற்றும்போது அது எழுத்தா படத்தின் இருளா என்று பாராமல் நான்கு மைகளின் கலவையாகிவிடுகிறது. காகிதம் இம்மி விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். உள்பக்கங்கள் ஒரே நிறத்தில்தான் அச்சாகின்றன என்றால் அவற்றைச் சிஎம்ஒய்கே ஆக்கவே வேண்டாம். கோஸ்ட்ஸ்கிரிப்டின் நிறமாற்ற அமைப்பில் 'கிரே' என்று கொடுத்து மூலக்கோப்பிலிருந்து மீண்டும் உருவாக்குங்கள். எழுத்து முழுவதும் கறுப்பு பிளேட்டில் மட்டும் விழும். அதே மென்பொருளின் 'இங்க்கவ்' என்ற வெளியீட்டுத் தேர்வு பக்கந்தோறும் நான்கு மைகளின் அளவைக் காட்டும். முதல் மூன்றும் சுழியமாக இருந்தால் அனுப்பலாம்.

மறுமொழி 2:
அட்டைக்கு இந்த வழி உதவாது. இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபிதான். அதைக் கடைசியில் மொத்தமாக மாற்றுவதை விட, ஸ்கிரிபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அட்டையைக் கோப்பதே நல்லது. பழைய 1.4 பதிப்பில் தமிழ் எழுத்து சிதறும் என்பதால் பலர் அதைக் கைவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் வந்த 1.6இல் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றன. படத்தை எஸ்விஜியாக (இங்க்ஸ்கேப்பின் கோப்பு வடிவம்) இறக்கினால் அதன் நிறங்கள் 'ஃப்ரம்எஸ்விஜி' என்று தொடங்கும் பெயர்களுடன் நிறப்பட்டியலில் சேரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சிஎம்ஒய்கே மதிப்புகளாகத் திருத்தி, தலைப்பையும் பட்டைக்கோட்டையும் கே (கறுப்பு மை) 100 விழுக்காடு மட்டும் கொண்ட கறுப்பில் வையுங்கள். நிற மேலாண்மையை இயக்கிய பிறகே பிடிஎஃப்/எக்ஸ் (அச்சுக்கான பிடிஎஃப் தரம்) வகைகளைத் தேர்ந்தெடுக்க முடியும். எக்ஸ்-1ஏ ஒளிபுகும் பொருள்களை ஏற்காது, எக்ஸ்-4 ஏற்கும். எது வேண்டும், எந்த விவரக்கோப்பு வேண்டும் என்பதை அச்சகத்தாரிடமே கேட்டுவிடுங்கள். ஊகித்து வைப்பதில் பயனில்லை. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு மிகையும் (வெட்டும்போது கழியும் கூடுதல் ஓரம்) வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உள்பக்கங்கள் கிரேயில் சரியாக வந்துவிட்டன. அட்டையின் பின்னணி முழுவதும் கறுப்பு. அதற்கும் கே 100 போதுமா?

மறுமொழி 2:
போதாது. பெரிய பரப்பில் தனிக் கறுப்பு வெளிறித் தெரியும் என்பதால், சி (சயான்) 40 விழுக்காட்டு அளவு துணைக்குச் சேருங்கள். நான்கையும் 100 ஆக்கிவிடாதீர்கள். 400 விழுக்காட்டு மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும். பூச்சுத் தாளுக்கே வழக்கமான உச்சவரம்பு 300 முதல் 330 வரைதான். நிறப்பட்டியலில் உள்ள 'ரெஜிஸ்ட்ரேஷன்' நிறம் பார்வைக்குக் கறுப்பாகத் தோன்றினாலும் எல்லா பிளேட்டிலும் முழு அளவில் விழும். அது வெட்டுக்குறிகளுக்கு உரியது.