புதுப்பிப்பு: வளைவில் இழுத்துப் பிடித்த பழைய ஆல் வீல் டிரைவ் வண்டி

போன மாதம் கேட்டிருந்தேன்: 2003 மாடல், மேனுவல் கியர், நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுழற்றும் வண்டி. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்கிங்கில் திருப்பினால், ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி வண்டி இழுக்கிறது, கூடவே ஒரு ‘தொம்’. பாதிப் பேர் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) என்றீர்கள். அது இல்லை. சிவி போனால் டக் டக்கென்று சத்தம் வரும். வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது வட்டமடித்தேன், ஒன்றுமில்லை. சூடான பிறகு இழுத்தது. அதே சூட்டில் ஜல்லித் தரையில் திருப்பினால் இழுவை காணோம், ஏனென்றால் அங்கே டயர் சறுக்கிக்கொடுக்கிறது. அதாவது, வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேகத்தில் சுழல விட வேண்டிய நடு டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்கிறது.

அப்புறம் தையல் டேப்பை (மனைவியுடையது, இன்னும் திருப்பித் தரவில்லை) டயரைச் சுற்றிப் பிடித்தேன். முன்னால் 1986 மி.மீ., பின்னால் 1965. முன்னால் மட்டும் புது டயர் போட்ட புத்திசாலி நான்தான். சில கையேடுகளில் 6 மி.மீ. வித்தியாசமே எல்லை. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழன்றால் நடு டிஃபரன்ஷியலோடு இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கில் (திரவமும் தட்டுகளும் அடைத்த டப்பா) உள்ள சிலிகான் திரவம் ஓயாமல் சூடாகி, தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

நாலும் ஒரே டயராக மாற்றினேன். இழுவை பாதி குறைந்தது, போகவில்லை. கப்ளிங் ஏற்கெனவே வெந்துவிட்டது போல. பழைய பாகக் கடையில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸின் பின்பகுதியைக் கழற்ற வேண்டும்.