புதுப்பிப்பு: பில்டரிடமிருந்து கார்ப்பஸ் ஃபண்ட் கிடைத்தது

எங்கள் அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் பதிவான பிறகும், பில்டர் கார்ப்பஸ் ஃபண்டை (நீண்டகாலப் பராமரிப்புக்காக வீட்டுக்காரர்கள் அவரிடம் கட்டிய தொகை) தராமல் இழுத்தடிக்கிறார், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிசொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் ஆணையம்) வழியாகப் போகும் யோசனைதான். சட்டத்தின் 17(2) பிரிவு, ஆவணங்களையும் பொது இடங்களையும் சங்கத்திடம் ஒப்படைப்பதைத்தான் சொல்கிறது. அதனால் பணத்துக்குக் கட்டுமான ஒப்பந்தத்தின் கார்ப்பஸ் ஷரத்தையும் பில்டருக்கு அனுப்பிய நோட்டீஸில் சேர்த்தோம். பதில் இல்லை. செயலாளருக்கு அதிகாரம் தரும் பொதுக்குழுத் தீர்மானம், வீடுவாரியாகக் கட்டிய ரசீதுகள் இணைத்து, தமிழ்நாடு ரெராவில் படிவம் 'எம்' புகார் கொடுத்ததும் பில்டர் தரப்பினர் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள்.

எதிர்பாராதது: "பராமரிப்புப் பற்றாக்குறை" என்று ஒரு தொகையைக் கழித்திருந்தார்கள். வவுச்சர் கேட்டோம். விற்காத வீடுகளின் பங்கும், கட்டுமான வேலைக்கு ஓடிய ஜெனரேட்டர் டீசலும் அதில் இருந்தன! அவற்றையும் திருப்பித் தந்தார்கள். பொது மின் இணைப்பின் பெயர் மாற்றம் மட்டும் பாக்கி.