கச்சான் எப்படா சில்லுன்னு வீசுச்சு?

லிப்ட் கேட்டுப் போன கதைகளை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கும் கை அரிக்கிறது, அதனால் நானும் உள்ளே வருகிறேன்.

நான் பாட்டு எழுதுகிறவன். சினிமாவுக்கு இல்லை. முளைப்பாரிக்கு, மாதா கோயில் திருவிழாவுக்கு, தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்காரர் முதலில் வீடு தேடி வருகிறாரோ அவருக்கு. கேசட் காலத்தில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் யாப்பு, சந்தம் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையில் கற்றது ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், மீன் லாரி கேபினில்.

வருஷம் 1989. ராமநாதபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். கண்மாயை விடப் பெரிய தண்ணீரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கூட்டாளி பாம்பன்காரன். ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் ரோட்டுப் பாலம் திறந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. 1974ல் அடிக்கல் நாட்டி, 1988 அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்த பாலம். அதுவரைக்கும் தீவுக்குள் போக ரயில்தான். எனவே லாரி நேராக ஊருக்குள் வந்து நிற்பதே அவன் வீட்டாருக்கு வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கோ அது ஓசி வண்டி.

பட்டணம்காத்தான் பக்கம் ஒரு மரத்தடிதான் எங்கள் ஸ்டாப். லிப்ட் கேட்பதில் கூட்டாளி ஒரு வித்தை வைத்திருந்தான். சும்மா கையை நீட்டினால் எவனும் நிறுத்த மாட்டான், படிக்கிற பையன் என்று தெரிந்தால் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பான். ஆகவே கையில் எப்போதும் ஒரு காலி ஓலைப்பெட்டி வைத்துக்கொள்வான். மீன் வாங்கப் போகிற ஆள் என்று நினைத்து லாரி நிற்கும். ஏறி உட்கார்ந்த பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே என் நோட்டும் நாலு பனங்கிழங்கும்தான் இருக்கும்.

முதல் லாரி ஐஸ் ஏற்றிப் போனது. போகும்போது ஐஸ், வரும்போது மீன். ராத்திரி பதினொரு மணி இருக்கும். டிரைவர் அண்ணன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏறிக்கங்கடா. காசு வேணாம். ஆனா பாம்பன் வரைக்கும் நான் தூங்காம பாத்துக்கிரணும். அதுதான் டிக்கெட்டு" என்றார். கூட்டாளி உடனே என்னைக் காட்டி, "இவன் பாட்டு எழுதுவாண்ணே" என்று கோத்துவிட்டான்.

நோட்டை எடுத்துப் பாடினேன். நிலா, தாமரை, அன்னம் என்று எல்லாம் இருக்கும் அதில். சரணம் ஒவ்வொன்றும் எட்டு அடி. உச்சிப்புளி தாண்டும்போது அண்ணனுக்கு இமை இறங்குவதைப் பார்த்தேன். வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. கூட்டாளி டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அண்ணன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து நிதானமாகச் சொன்னார்: "தம்பி, இன்னொரு சரணம் இருந்தா பாலத்துல வேணாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குச் சமமாக எந்த விமர்சனமும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தடவைக்கு அடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தேன். நாலாவது தடவை போனபோது வார்த்தைகளையும் வெட்டினேன். மெல்லினமாக வந்து விழுந்தால் டிரைவருக்குக் கண் சொக்கும். வல்லினம் ரெண்டு மூன்று தட்டிவிட்டால் நிமிர்ந்து உட்காருவார். இதை நான் இலக்கணப் புத்தகத்தில் படிக்கவில்லை, ரியர்வியூ கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். இன்றைக்கும் ஒரு பல்லவி எழுதி முடித்தால் அந்தக் கண்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

பாலத்தின் மேல் ஒரு தாளம் உண்டு. கவனித்திருக்கிறீர்களா? தூணுக்குத் தூண் போட்டிருக்கும் தளத்தில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில் டயர் ஏறி இறங்கும்போது 'டக்டக்' என்று கேட்கும். முன் டயர் ஒன்று, பின் டயர் ஒன்று. கொஞ்ச தூரம் ஒரே சீராக வரும். நடுப்பாலத்தில், அடியில் கப்பல் போகிற இடத்தில், தூணுக்குத் தூண் தூரம் அதிகம். அங்கே அந்தச் சத்தம் வரத் தாமதமாகும். காது அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். கூட்டாளி அந்த இடைவெளியில் மட்டும் வாயால் "ம்ம்" என்று ஒரு இழுப்பு இழுத்து அடுத்த தட்டில் கச்சிதமாக வந்து சேருவான். அவன் சங்கீதம் படித்தவன் இல்லை. 2 கிலோமீட்டர் சொச்சம் பாலத்தில் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

ஒரு நாள் பகலில் லாரியின் பின்னால் ஏறினோம். கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். காதில் தண்டட்டி, வாயில் வெற்றிலை. கருவாடு விற்றுவிட்டு மண்டபம் திரும்புகிறார். கடலைப் பார்த்தாகிவிட்டது அல்லவா, நானும் கடல் பாட்டு எழுதியிருந்தேன். 'கச்சான் காத்து சில்லுன்னு வீசுது' என்று தொடங்கும். காற்றுக்குப் பாட்டில் வேறு வேலை இல்லை, சில்லென்று வீச வேண்டும், அவ்வளவுதான் என் ஞானம். கூட்டாளிக்குத் தப்பு என்று தெரியும். வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தான் பாவி.

பாடி முடித்ததும் அந்த அம்மா வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பு, உனக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அதான். கச்சான் எப்படா சில்லுன்னு வீசுச்சு? அது வந்தா கண்ணுல மண்ணுடா. சோத்துத் தட்டுல மண்ணு, பாயில மண்ணு, பிள்ள தலையில மண்ணு. சில்லுன்னு வர்றது வாடை. அது வந்தா வாசல்ல தண்ணி."

அப்புறம் மண்டபம் வரும்வரை எனக்குப் பாடம் நடந்தது. ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வாடை வந்தால் வடகடல். ரெண்டு பக்கமும் கடல் இருப்பதால் ஒரு பக்கம் கெட்டால் வத்தையை, அதாவது சின்னப் படகை, மறுபக்கம் கொண்டு போவார்களாம். மன்னார் வளைகுடா, பாக்கு விரிகுடா என்று நான் பரீட்சையில் எழுதியவை இந்த ரெண்டும்தான் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இறங்கும்போது ஒரு கை நெத்திலிக் கருவாட்டை எங்கள் ஓலைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். பெயர் கேட்கவில்லை. அந்த வயதில் பெயர் கேட்கத் தோன்றுவதில்லை.

அன்று ராத்திரி கூட்டாளி வீட்டுத் திண்ணையில் இது வந்தது:

கச்சான் வந்தா கண்ணுல மண்ணு
வாடை வந்தா வாசல்ல தண்ணி
எந்தக் காத்துடா எங்க காத்து
என்னைக்குடா எரியும் அடுப்பு

முதல் ரெண்டு அடி அந்த அம்மாவுடையது. மூன்றாவது கூட்டாளி தூக்கக் கலக்கத்தில் சொன்னது. நாலாவதுதான் என்னுடையது, நாலில் சுமாரானதும் அதுதான். பின்னாளில் இது கேசட்டில் வந்தபோது உறையில் என் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. கூட்டாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லாருக்கு" என்றான். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தனுஷ்கோடிக்கு இரண்டு தடவை போனோம். இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. அப்போது மூன்றாம் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மீன் ஏற்றும் வேன்தான். டயரில் காற்றைக் குறைத்துவிட்டு மணலிலும் முட்டளவுத் தண்ணீரிலும் தத்தித் தத்திப் போகும். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். கூரையில்லாத மாதா கோயிலுக்குப் பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்றால் சோறு கிடையாது என்று எங்களையும் கயிற்றில் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் அம்பா, அதாவது வலை இழுக்கிற பாட்டு, எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கி இழுக்கிறார்கள். அவர் எடுத்த அடியில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. இழுக்கிற இடத்தில் ஒரு அழுத்தம் விழ வேண்டும், அவ்வளவுதான். அர்த்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு அது ஒரு அறை. சாயங்காலம் உள்ளங்கை ரெண்டும் தோலுரிந்து, மீன்குழம்பில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவை 1990 ஆடி மாதம். அந்த ஜூனில் அக்கரையில், இலங்கையில், மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. திரும்பும் வேனில் எங்களுக்கு எதிரே படகில் வந்து இறங்கிய ஒரு குடும்பம். அந்த அக்கா மடியில் ஒரு துணிப்பை, அதன் மேல் பிள்ளையின் தலை. மண்டபம் அகதிகள் முகாமுக்கு எப்படிப் போவது என்று ஒரு தடவை கேட்டார், கூட்டாளி சொன்னான். அப்புறம் ராமேஸ்வரம் வரும்வரை வேனில் பேச்சில்லை. கூட்டாளி கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தன்னையறியாமல் தாளம் போட்டுவிடக்கூடாதே என்று.

மேற்குப் பக்கம் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாயல்குடியில் கரி லாரியின் மூட்டை மேல் ஏறி ஏர்வாடியில் இறங்கினோம். ரெண்டு பேரும் அடுப்புக்கரி. தர்காவில் பிச்சைக்காரர்கள் என்று நினைத்து முதல் பந்தியிலேயே சோறு போட்டுவிட்டார்கள். அங்கிருந்து கீழக்கரைக்கு ஒரு காக்கா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் வேனில் ஏற்றிக்கொண்டார், சீட்டில் பேப்பர் விரித்து. தொதல் என்கிற இனிப்பை வாங்கிக் கொடுத்து, "கையால தொடாதீங்க, இலையோட வாயில போடுங்க" என்றார். அந்தக் கருப்பட்டி ருசிக்காகவே இன்னொரு தடவை கரி லாரியில் போகலாம்.

எல்லாம் 1991 மே மாதத்தோடு முடிந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கடற்கரை ரோட்டில் ராத்திரி நேரம் ரெண்டு இளவட்டங்கள் நின்றாலே விசாரணைதான். ஒரு சோதனைச் சாவடியில் லாரியை விட்டு இறக்கினார்கள். ஓலைப்பெட்டியைத் திறந்தால் நோட்டு. நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக 'தன்னன தானன தந்தன தானா'. மெட்டுக்குப் போட்டு வைத்த தத்தகாரம். இளம் போலீஸ்காரர் டார்ச்சை என் முகத்தில் அடித்து, "இது என்ன கோட் வேர்டு?" என்றார். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் வயதான ஏட்டய்யா ஒருவர் வந்து, "பாட்டுன்னா பாடிக் காட்டு" என்றார். தொண்டை வறண்டுபோய்க் கச்சான் பாட்டைப் பாடினேன். ரெண்டு அடியோடு நிறுத்தச் சொன்னார். "உள்ளூர்ப் பயலுகதான்யா, காத்த சரியாச் சொல்றான். விடு" என்றார். 'சில்லுன்னு வீசுது' என்று பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூட்டாளி இன்றைக்கும் கேட்டுச் சிரிப்பான்.

அவன் 1993ல் துபாய் போனான், இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். நான் இங்கேயே இருக்கிறேன். ஓலைப்பெட்டி அவன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். எனக்கு நம்பிக்கையில்லை.

*

பதில் – சின்னப்பாலம் பொண்ணு

அண்ணே, உங்க கச்சான் பாட்டை எங்க ஊர்க் கல்யாண வீட்டு மைக்செட்டில் கேட்டிருக்கேன். நீங்க எழுதியதா! எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். வத்தையில் தீவுப்பக்கம் போய், மூச்சடக்கி முங்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி பறிப்பார்கள். கரைக்கு வந்தால் ஈரச் சேலையோடு எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டான். மீன் லாரிக்காரர்தான் நிறுத்துவார். ஏழெட்டுப் பெண்கள் பின்னால் நின்றுகொண்டே போவார்கள். அம்மாவிடம் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். தண்டட்டி போட்ட மண்டபத்து ஆளா, பெட்டிக்கு மேலே சாக்கு போட்டிருந்தாளா, நெத்திலியா, வாளையா என்று அரை மணி நேரமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறார். சொல்லுங்கள், சாக்கு இருந்ததா?

*

பதில் – உப்பு வண்டி

வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றி இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். தூக்கத்துக்குப் பாட்டு மருந்தே இல்லை தம்பி. நல்ல பாட்டு என்றால் இன்னும் சுகமாகத் தூக்கம் வரும். நான் பச்சை மிளகாய் வைத்திருப்பேன். கண் சொக்கினால் ஒரு கடி. அந்த ஐஸ் லாரி அண்ணன் உங்களை ஏற்றியதற்குக் காரணம் வேறு. ராத்திரியில் தனியாகப் பாலம் ஏற அந்தக் காலத்தில் நிறையப் பேருக்குப் பயம். ரெண்டு பக்கமும் தண்ணீர், காற்று வேறு வண்டியை ஆட்டும். வெளியே சொல்ல மாட்டோம். கூட ஒரு ஆள் இருந்தால் போதும், பாடினாலும் பாடாவிட்டாலும்.

*

உப்பு வண்டி அண்ணே, நீங்கள் சொல்வதைப் படித்ததும் கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா, நடுப்பாலத்துல அவர் முருகா முருகான்னு சொன்னது உனக்குக் கேக்கலையா, நீ சரணத்துல இருந்த" என்கிறான்.

தங்கச்சிக்கு: சாக்கு இருந்தது. நீல எழுத்துப் போட்ட சிமெண்டுச் சாக்கு. அம்மாவிடம் சொல்லிவிட்டு எனக்கும் எழுதும்மா.