மறு: குளிர்கால அந்துப்பூச்சி – நடுக்க வெப்பமா, அதிர்சூடா?

> "நடுக்க வெப்பம்" என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் உடனே புரியும்.

ஐயா, வணக்கம்.

பறக்கும் முன் அந்துப்பூச்சி தன் தசையை இயக்கி உடலைச் சூடேற்றிக்கொள்வதற்குக் கலைச்சொல் தேடுகிறோம்; 'நடுக்க வெப்பம்' போதும் என்கிறீர்கள். புரியும், சரி. தவறாகப் புரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. குளிர் தாங்காமலோ பயத்திலோ காய்ச்சலிலோ நம்மை மீறி வருவது நடுக்கம். நாம் பேசும் குளிர்கால அந்தான யூப்சிலியா அப்படி நடுங்குவதில்லை. அது பறப்பதற்குத் தயாராகிறது.

வட அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் இலையுதிர் காலத்தில் சிறகு முளைத்து வெளிவரும் பூச்சி இது. குளிர்காலத்தை இலைச்சருகுக்கு அடியில் கழிக்கும். குளிர் சற்றே தணிந்த இரவுகளில் எழுந்து, மேப்பிள் மரத்தில் கசியும் சாற்றைக் குடிக்கப் போகும். காற்று 0 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். பறப்பதற்கோ மார்புத் தசை 30 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இவற்றை ஆராய்ந்த உயிரியலாளர் பெர்ண்ட் ஹைன்ரிச், உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே இவை சூடேறத் தொடங்கிவிடுவதைக் கண்டார்.

சூடேறும் விதத்தில்தான் நமக்கான சொல் இருக்கிறது. சிறகைத் தூக்கும் தசையும் இறக்கும் தசையும் பறக்கும்போது மாறி மாறிச் சுருங்கும். சூடேற்றும்போது இரண்டும் ஒன்றாகச் சுருங்கி ஒன்றையொன்று எதிர்க்கின்றன. சிறகு அடிக்காது, லேசாக அதிரும். அந்த உழைப்பெல்லாம் சூடாகிவிடும். மார்பைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த செதில்கள் அதை வெளியே விடாமல் காக்கும்.

ஆகவே 'அதிர்சூடு' என்கிறேன். சூடு எங்கே அதிர்கிறது என்று கேட்கலாம். உண்கலத்தில் கலமா உண்கிறது? வினைத்தொகையில் பின்வரும் பெயரே அந்த வினையைச் செய்ய வேண்டும் என்பதில்லை. 'அதிர்ச்சி' நினைவுக்கு வரும் என்ற தயக்கமும் வேண்டாம்; அதிர்வெண்ணைப் பள்ளிப் பிள்ளைகளே தடையின்றிச் சொல்கிறார்கள்.

அப்புறம், 'குளிர்கால' என்ற அடையை இந்தச் சொல்லோடு ஒட்ட வேண்டாம். புரூஸ் அந்தும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே காடுகளில் பறப்பதுதான். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அடிக்கடி பார்ப்பதால் அதற்கு வேட்டைக்காரர் அந்து என்றே பெயர். அதன் ஆணுக்கு உடல் லேசு, சிறகு அகலம், சூடேறாமலே பறந்துவிடும். பெண்ணுக்குப் பறக்கச் சிறகே இல்லை, அடிமரத்தில் ஏறி நிற்கும். பருவம் ஒன்று, வழி வேறு.

மனிதருக்கு மருத்துவ நூல்களில் 'நடுக்க வெப்பம்' இருந்துவிட்டுப் போகட்டும். பூச்சியியல் கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'அதிர்சூடு' என்று பதியுங்கள் ஐயா.