எழுவான்கரை, படுவான்கரை உள்வீதிகளுக்கு ஏற்ற வரைபடம் எது?

வினா:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஏ4 வீதியால் பஸ்ஸில் பலமுறை போய்வந்துள்ளேன். வரும் கோடையில் அந்த வீதியை விட்டு விலகி, மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், அதன் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஊர்களையும் தெற்கே பாணமை வரையான கரையோரத்தையும் மோட்டார் சைக்கிளில் ஆறுதலாகப் பார்க்க விரும்புகின்றேன். கைத்தொலைபேசி வரைபடத்தில் கிறவல் வீதியும் வயல் வரம்பும் ஒரே மெல்லிய கோடாகவே தெரிகின்றன. நம்பிக்கையோடு பயன்படுத்தக்கூடிய விரிவான வரைபடம் எது?

பதில் 1:

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள்களையே முதலில் வாங்குங்கள். அவற்றில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும் என்பதால், வீதியின் தரம், குளக்கட்டு, வாய்க்கால், கோயில் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தறியலாம். மலைநாட்டில் வரைபடம் வாசித்துப் பழகியவர்கள் உயரக்கோடுகளையே முதலில் தேடுவார்கள். நமது கரையோரமோ சமதரை. ஆகவே இங்கே நீர்நிலைகளைக் காட்டும் நீலக்கோடுகளைத்தான் வாசிக்க வேண்டும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியை எந்த இடங்களில் கடக்கலாம் என்பதே உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும். கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய பாலங்களை முதலில் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, அதன் பின்னர் வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் ஓரத்தில் அச்சிட்டுள்ள திருத்திய ஆண்டையும் தவறாமல் பாருங்கள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய தாளை நம்பினால், ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்துக்கு வீணாகச் சுற்றிப்போக நேரும்.

பதில் 2:

மேலே சொன்னவை சரியானவை. ஆயினும் எந்தத் தாளும் பருவகாலத்தைக் காட்டாது என்பதைப் படுவான்கரையில் வசிப்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். வரைபடத்தில் வீதி ஓர் ஆற்றையோ வாய்க்காலையோ பாலக்குறி இல்லாமல் வெட்டிச்செல்லும் இடம் பெரும்பாலும் தாம்போதியாகவே, அதாவது நீர் மேலால் பாயும் தாழ்வான கடவையாகவே இருக்கும். கோடையில் அதன் கொங்கிறீற்றுத் தளத்தில் கால் நனையாமல் போகலாம்; மாரியில் அதே இடத்தில் இடுப்பளவு நீர் இழுத்துக்கொண்டு ஓடும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி வெள்ளக்காலத்தில் துண்டிக்கப்படுவதை இங்குள்ள எல்லோரும் அறிவார்கள். குருமண்வெளி – மண்டூர், குருக்கள்மடம் – அம்பிளாந்துறை ஆகிய துறைகளுக்கு இடையிலான இயந்திரப் பாதைகளையும் (வண்டிகளையும் ஏற்றும் மிதவைப் படகுகள்) அன்றன்று விசாரித்த பின்னரே நம்புங்கள்.

வெல்லாவெளிப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். பொழுதுபடுவதற்கு முன்னர் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

பதில் 3:

அம்பாறைக் கரையோரத்துக்குத் தாளோடு, பலரும் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஸ்மாண்ட் போன்ற செயலியில் முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால், கோமாரிக்கு அப்பால் அலைவரிசை கிடைக்காத இடங்களிலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். திருக்கோவிலிலிருந்து தெற்கே செல்லும்போது இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனையைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகின்றனர். பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குப் பிரியும் மணற்பாதைகளை விரிவான வரைபடத்தில் பார்த்தால்தான் அங்கே போகத் தோன்றும். இலக்கைத் தேடும்போது பெயரை மாத்திரம் நம்பாதீர்கள்: கிரானுக்கு மேற்கே ஒரு குடும்பிமலை உண்டு, பாணமைக்குத் தெற்கே குடும்பிகல என்ற பாறைக்குன்று உண்டு.

பாணமையிலிருந்து உகந்தை முருகன் கோயில் வரை மோட்டார் சைக்கிளில் செல்லலாம். அதற்கு அப்பால் குமண தேசியப் பூங்கா தொடங்குவதால், வரைபடத்தில் பாதை நீண்டு தெரிந்தாலும் உங்கள் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

வினவியவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிக்குச் சென்று, அன்றே மண்முனைப் பாலத்தால் திரும்புவதாக முதல்நாள் வழியை வகுத்துள்ளேன். அந்த வழியில் உள்ள தாம்போதிகளின் இன்றைய நிலையை அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.